பங்குனியிலும் ஏரிக்குப் போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியின் பாகூர் ஏரியில் பறவை ஆர்வலர்கள் ஞாயிறு காலை நடத்திய பறவை நோக்கல் நடையைப் பற்றிப் படத்துடன் செய்தி போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. கடலூரிலிருந்து நானும் போயிருந்தேன். வலசைப் பறவைகள் கிளம்பிவிட்டதால் ஏரி வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீலச்சிறகி வாத்தும் ஊசிவால் வாத்தும் மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் திரும்பும் காலம் இது என்பது சரி. தை மாதக் கூட்டம் இப்போது இருக்காது. ஆனால் அன்று பார்த்தவற்றைச் சொல்கிறேன். உண்ணிக்கொக்குகளுக்குத் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கிளம்பாத மீசை ஆலா என்கிற நீர்ப்பறவைகளுக்கு வயிறு கறுத்து வருகிறது. தையில் அவற்றை வெளுப்பாகப் பார்த்தவர்கள் வேறு பறவை என்றே நினைப்பார்கள்.

எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது ஆள்காட்டிப் பறவையின் முட்டைகள்தான். தண்ணீர் வற்றிய ஏரி ஓரத்தில், வெறும் தரையில், சுற்றிலும் சிறு கற்களோடு நான்கு முட்டைகள். கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்திருந்தன. காய்ந்த மண்ணின் நிறம், மேலே கரும்புள்ளிகள். காட்டித் தரும்வரை யார் கண்ணுக்கும் படவில்லை. தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. காக்கைகள் கவனித்துவிடும், தள்ளி வாருங்கள் என்று குழுவினர் உடனே எங்களை அழைத்துக்கொண்டார்கள். வெயில் ஏறினால் ஆள்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்குமாம். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்த நான்கு வாரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே டிராக்டர் தடமும் பைக் தடமும் இருந்தன. ஓட்டியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்? வண்டல் எடுப்பதும் கரையைச் சீர் செய்வதும் விவசாயத்துக்கு அவசியம். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து நிறைகிற ஏரி இது, இதை நம்பி எத்தனையோ வயல்கள் இருக்கின்றன. ஆனால் இயந்திரத்தை இறக்கும் முன் ஒரு காலைப் பொழுது பறவை தெரிந்தவர்களோடு அந்த இடத்தை நடந்து பார்த்துவிட்டு, முட்டை இருக்கும் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சம்பந்தப்பட்ட துறையினர் இதைச் செய்ய வேண்டும்.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். நடை முடிந்த பிறகு செய்தி போடுவதோடு, அடுத்த நடையின் தேதி, நேரம், கூடும் இடம் ஆகியவற்றை இரண்டு நாள் முன்பே உள்ளூர் நிகழ்ச்சிகள் பகுதியில் வெளியிடுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் அன்று ஒருவர்கூட வரவில்லை. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குழுவினரிடம் வாங்கிப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.