ஏலப்பாறை டீக்கடையில் பார்த்த ஜீப் அண்ணனுக்கு

மதுரையிலிருந்து நான்கு வண்டி, பதினோரு பேர். குமுளி, வண்டிப்பெரியாறு வழியாக வாகமண் போய், இரண்டு நாள் உளுப்புணி பக்கம் மண் தடத்தில் ஓட்டுவதாகத் திட்டம். போட்டது நான்தான். வாட்ஸப்பில் மூன்று வாரம் பேசினோம், பாதி சாப்பாட்டைப் பற்றி.

ஏலப்பாறையில் டீ குடிக்க நின்றபோது நீங்கள் எங்கள் டயரைக் காலால் தட்டி, "தம்பி, இந்தக் காத்தோடயா மேல போறீங்க?" என்றீர்கள். அப்புறம் ஒரு குச்சியை வால்வில் வைத்து அழுத்தி, 35 பி.எஸ்.ஐ. இருந்ததை 20-க்கு இறக்கினீர்கள், நாலு வண்டிக்கும். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து உட்கார்ந்து பாறையைப் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன்தான். செய்யத் தோன்றவில்லை.

இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) முதல் கியரிலேயே விடச் சொன்னதும் நீங்கள்தான்.

ஞாயிறு காலை மூன்றாவது வண்டி சேற்றில் அச்சு வரை புதைந்தது. சவாரி ஏற்றி வந்த நீங்கள் எங்களைப் பார்த்ததும் நிறுத்தினீர்கள். நண்பன் பம்பரில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் கொக்கியில் மாட்டினீர்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டீர்கள். "அறுந்தா ஆளை அடிச்சிரும்."

பணம் வாங்கவில்லை, ஒரு பொட்டலம் காராசேவு மட்டும். பேர் கேட்கவே மறந்துவிட்டோம் அண்ணே. டிசம்பரில் வருகிறோம். இந்த முறை காராசேவு ஒரு கிலோ.