செஞ்சி மலையில் பலகை போதாது, ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் தொடர்பான 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்க, வெளியே உள்ளது இது ஒன்றுதான் என்று எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடியாகிவிட்டது. சரி, அப்புறம்? லீவு நாளில் கூட்டம் வருகிறது, கோட்டைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் கல்யாண மகால் முன்னால் செல்ஃபி எடுக்கிறது, கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியில் பாதி ஏறி மூச்சு வாங்கி இறங்கிவிடுகிறது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், தேசிங்கு ராஜா கட்டின கோட்டை என்பார்கள்.

போன மாதம் எங்கள் குடும்பத்தோடு ஏறியபோது உள்ளூர்க்காரர் ஒருவர் கைடாகக் கூட வந்தார். அவர் முதலில் உடைத்ததே இந்தக் கதையைத்தான். "தேசிங்கு இங்க ஆண்டது சில மாசம் சார். 1714ல ஆற்காட்டு நவாபோட சண்டை போட்டு செத்துட்டாரு. ஆரம்பிச்சது கோனாருங்க, இவ்வளவு பெரிசாக்கினது நாயக்கருங்க" என்றார். கூத்தில் வரும் நீலவேணிக் குதிரையையும் விடாமல் சொன்னார், ஆனால் இது கதை, இது வரலாறு என்று பிரித்துச் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் வேறு சிலர் கேட் பக்கத்திலேயே நம்மைப் பிடித்துக்கொண்டு, திருவண்ணாமலை வரைக்கும் சுரங்கம் போகிறது, உள்ளே புதையல் இருக்கிறது என்று அளந்துவிட்டு, கடைசியில் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிறார்கள்.

கல்யாண மகாலில் நாங்களாகப் போயிருந்தால் படிக்கட்டு ஏறி இறங்கியிருப்போம், அவ்வளவுதான். அவர்தான் மண்குழாய் வந்த வழியைக் காட்டினார். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து ஆறாவது மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள், மோட்டார் இல்லாத காலத்தில்! அங்கேயே ஒரு கல்லூரிப் பையன் சாவியை எடுத்துச் சுவரில் பெயரின் முதல் எழுத்தைக் கீற ஆரம்பித்தான். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், சட்டத்துலயே இருக்கு, சாவிய உள்ள வை" என்றார். அதே எச்சரிக்கை வாசல் பலகையில் எழுதியிருந்தாலும் அந்தப் பையன் நின்று படித்திருப்பானா?

குரங்குகளைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் போச்சு. அவர் ஏறும் முன்பே தின்பண்டத்தையெல்லாம் பைக்குள் வைத்து ஜிப் போட வைத்தார், பிஸ்கட் போடவும் விடவில்லை. ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து ஆழமாகப் போகிறது, அதன்மேல் பாலம். இறங்கி வருகிறவர்கள் முழுக்கக் கடக்கும் வரை எங்களை ஓரமாக நிறுத்திவைத்தார். பாலத்தை மட்டும் எடுத்துவிட்டால் பத்துப் பேர் போதும், ஒரு படையையே தடுக்கலாம் என்று அவர் சொன்னபோதுதான், சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே உட்கார்ந்துகொண்டு 1698இல் கோட்டை விழும் வரை மொகலாயர்களை எட்டு வருஷத்துக்குப் பக்கமாக எப்படி இழுத்தடித்தார் என்பது விளங்கியது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பதையும் அவர் சொல்லித்தான் என் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். இத்தனைக்கும் அந்தத் தூண்களில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்!

இப்படிப்பட்டவருக்கு ஓர் அடையாள அட்டைகூட இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பெரு நாட்டில் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் யாரையும் விடுவதில்லை, சுமை தூக்குகிறவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. செஞ்சிக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். நம் ஊர் மக்கள் சும்மா ஏறி இறங்கும் உரிமை இருக்கட்டும். ஆனால் தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து செஞ்சி வட்டாரத்து ஆண்கள், பெண்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, வரலாறும் முதலுதவியும் கற்றுக்கொடுத்து, அட்டை கொடுக்கலாமே. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டாம். எந்தப் படி மழையில் வழுக்கும், எந்தப் புதரில் பாம்பு கிடக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். மேலே கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலுக்கு வாசலில் முன்பணம் வாங்கி, காலி பாட்டிலைக் காட்டினால் திருப்பித் தரலாம். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கே 10 ரூபாய் திருப்பித் தருகிறார்கள், இங்கே முடியாதா என்ன?

கைடு கட்டணத்தை டிக்கெட் கவுண்டர் பக்கத்திலேயே தமிழில் பெரிதாக எழுதிப் போடுங்கள். எங்களோடு வந்தவரிடம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "பாத்துக் குடுங்க சார்" என்று தலையைச் சொறிந்தார். கொடுத்தது அவருக்குக் கட்டுப்படியானதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திண்டிவனம்.