குடல் பாக்டீரியா: சோதித்த பின்பே குளத்துக்கு

ஆசிரியருக்கு,

நன்னீர் மீன்களின் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் புரோபயாடிக்காக, அதாவது மீனுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரியாக, பயன்படுத்தலாம் என்ற தங்கள் செய்தி வரவேற்கத்தக்கது. மீனின் குடலிலிருந்தே பிரித்தெடுக்கும் பேசில்லஸ் என்னும் பாக்டீரியா இனங்களில் சில, ஏரோமோனாஸ் போன்ற நோய்க்கிருமிகளை ஒடுக்குவதோடு செரிமான நொதிகளையும் சுரக்கின்றன. ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமியை அடக்கியது குளத்திலும் அடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மீன் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் வாங்கிய புரோபயாடிக் பொட்டலங்கள் பலவற்றில் எந்த இனம், கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல்கள் என்ற விவரமே இல்லை. புரோபயாடிக்கைத் தீவனத்தில் கலந்த கையோடு, அந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லக்கூடிய ஆன்டிபயாடிக்கையும் போடுவோர் உண்டு. பிறகு பலனில்லை என்ற குறை வேறு! எந்தப் பாக்டீரியாவானாலும், ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களை (மருந்துக்குக் கிருமிகள் சாகாமல் தப்ப உதவுபவை) பரப்பாது எனச் சோதித்து, இனத்தையும் செல்களின் எண்ணிக்கையையும் உறையில் அச்சிட்ட பின்பே விற்பனைக்கு அனுமதிக்க வேண்டும்.

– மீன் வளர்ப்பாளர் ஒருவர்