பூநாரைகளைப் பறக்கவைத்துப் படமெடுக்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பழவேற்காடு ஏரியில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. படங்கள் உங்களிடமே இருக்கின்றன. பக்கத்துப் படகில் இருந்தவன் என்ற முறையில் நேராகவே கேட்கிறேன்: பறவைகளைக் கிளப்புவதற்காகப் படகை அவற்றின்மேல் விடாதீர்கள். தூரத்திலேயே நிறுத்துங்கள்.

பூநாரை மேய்வதை லென்ஸ் வழியே பார்த்திருப்பீர்கள். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி வடிகட்டினால்தான் அதற்குக் கூனிப்பொடியும் புழுவும் கிடைக்கும். அந்தப் பெரிய உடம்பு நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீரில் தடதடவென்று ஓடித்தான் எழும்ப வேண்டும். அன்று ஓடின, எழும்பின, சற்றுத் தள்ளிப்போய் இறங்கின. தலையைக் கவிழ்த்ததுதான் தாமதம், 'வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை' என்று உங்களில் ஒருவர் குரல் கொடுத்தார். படகோட்டி தயங்கினார். நீங்கள் ஐந்நூறு ரூபாயை நீட்டினீர்கள். வலையில் மீன் விழாத நாளில் அவர் வேறென்ன செய்வார்? பழியை அவர் தலையில் போடாதீர்கள்.

அதே திட்டில் மேய்ந்த கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் என்னும் சிறிய வலசைப் பறவைகளும் கூடவே பதறி எழுந்தன. உங்கள் படத்தில் அவை புள்ளிகளாகக்கூட விழுந்திருக்காது. கோடைக்குள் உடம்பில் கொழுப்புச் சேர்த்தால்தான் அவை வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலம்வரை போய்ச்சேர முடியும். பறிபோவது அந்தத் தீனி.

மாலையில் படம் வெளியாகும். 'இயற்கையின் நடனம்' என்று தலைப்பு, கீழே 'வனவிலங்குகளைக் காப்போம்' என்று ஒரு வரி. தெருவுக்குள் லாரியை விட்டுவிட்டு, ஓடுகிறவர்களைப் படமெடுத்து 'ஊர்த் திருவிழா' என்று போடலாமே! போட்டி நடுவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். சிறகு விரித்த கூட்டத்துக்கே பரிசு, சும்மா மேயும் பறவைக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடையாது. போதாக்குறைக்கு இப்போது ட்ரோன் வேறு.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில், விலங்கை விரட்டுவதும் அடக்கம்.

மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: தூரத்திலேயே நிறுத்துங்கள். மேய்கிற பறவைகள் கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால், அதற்குமேல் ஓர் அடியும் வேண்டாம். அவையாகப் பறக்கும்போது தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறும் அங்கேதான் இருப்பேன். வனத்துறைக்கு அடுத்த மடல் எழுத வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பக்கத்துப் படகுக்காரன்