அண்டாவில் விழுந்தவனும் கயாக்கில் விழுந்தவனும்

சிங்கப்பூர்
16 ஜனவரி 2025

அன்பு மச்சான்,

ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்குத் தை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டாதே. நீ தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் பூவுக்கெல்லாம் கட்டைவிரல் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கையால் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி வந்த கடிதத்துக்கு நானும் உட்கார்ந்து எழுதினால்தானே மரியாதை. அப்படியே தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

நேற்று அதை எடுத்து மறுபடி படித்தேன். ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறந்துவிட்டார்கள், கரையில் நின்றபோது கால் தன்னால் பின்வாங்கியது, மதகுக்குக் கீழே வலைக்காரர்கள் கெண்டையும் கெளுத்தியுமாக அள்ளினார்கள். எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய் பார்: "உங்கள் ஊரில் ஏது ஆறு, இருப்பதெல்லாம் கால்வாய்தானே, நீ என்ன வெள்ளத்தைக் கண்டாய்?"

காலாங் ஆற்றங்கரையில், பொத்தோங் பாசிரில் பிறந்து வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? மாமனார் ஊருக்குப் போய் நாலு வருஷத்தில் முழுக் காவிரிக்காரன் ஆகிவிட்டாய்.

1978 டிசம்பர் 2 மறந்துவிட்டதா? சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அன்று ஒரே நாளில் பாயா லேபாரில் 512.4 மில்லிமீட்டர் மழை. இந்த ஊரில் ஒரு நாள் மழைக்கு இன்றுவரை அதுதான் உச்சம். தீவு முழுக்க ஏழு பேர் செத்துப்போனார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள் என்பதெல்லாம் நமக்குப் பிறகுதான் தெரியும். பதினோரு வயதில் நமக்கு அது திருவிழா. மணல் தோண்டிய குளங்கள் நிரம்பி, மீனெல்லாம் நம் சந்துக்குள் வந்தது. உங்கப்பா கட்டிலுக்கு மேல் மேசை, மேசைக்கு மேல் அரிசி மூட்டை, அதற்கு மேல் சாமி படம் என்று அடுக்கிக்கொண்டிருக்க, நீயும் நானும் உங்கம்மாவின் பெரிய அண்டாவைக் கிளப்பிக்கொண்டு போனோமே.

அண்டாவில் போவதில் உள்ள சிக்கல் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன் பின் கிடையாது. ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு சுற்றுச் சுற்றும். விறகுக் கட்டையைத் துடுப்பாக்கி நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காய்கறித் தோட்டத்துப் பக்கமிருந்து இழுப்பு வந்ததும் அண்டா நேரே விளக்குக் கம்பத்தைப் பார்க்கப் போனது. கம்பம் கிட்டே வர வர, இடிபடப் போகிறோம் என்ற பயத்தில் இருவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். அவ்வளவுதான். தண்ணீர் வந்த பக்கத்து விளிம்பு தாழ்ந்தது, ஆறே உள்ளே ஏறியது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ அழுதாய். இல்லை என்று பதில் எழுதாதே, நான் பார்த்தேன்.

இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், போன நவம்பரில் அதே தப்பை அதே ஆற்றில் மறுபடி செய்தேன். ஐம்பத்தேழு வயதில்.

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காலாங் படுகைக்கு என்னைக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டக் கூட்டிப் போனான். அந்த இடம் அப்போது எப்படி நாறும்! வற்றத்தின்போது கறுப்புச் சேறு வெளியே தெரியும், பஸ் ஜன்னலைச் சாத்துவார்கள். 1977-ல் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்க வேண்டும், அது முடியும் என்று பேசியதைப் பற்றி என் அப்பா, "மீன் வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு வரும்" என்றார். 1987-க்குள் சுத்தம் செய்துவிட்டார்கள். 2008-ல் மரினா அணைக்கட்டு வந்ததும் படுகைக்குள் கடல் ஏறி இறங்குவதே நின்று, மெல்ல மெல்ல எல்லாம் நன்னீராகிவிட்டது. இப்போது வருஷம் முழுக்க ஒரே மட்டம், கண்ணாடி மாதிரி. அந்தக் கண்ணாடிதான் நம்மை ஏமாற்றுகிறது.

அன்று எங்கள் தலைக்கு மேல் வெயில். வடக்கே, தோ பாயோ பக்கம், வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "மாமா, அங்கே கறுக்குதே" என்றான் பையன். "அது அங்கே பெய்யும், நமக்கென்ன" என்றேன். பெரிய மனிதன் அல்லவா. படுகையைத் தாண்டி ஆற்றுக்குள் கொஞ்சம் ஏறி, ஒரு பாலத்துக்குக் கீழே நிழலில் நின்றோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் வந்தது ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அப்புறம் நாலைந்து இலைதழை. அப்புறம் ஒரு கூடைப்பந்து. நான் சிரித்துக்கொண்டே அதை எட்டிப் பிடிக்கப் போனேன். அதற்குள் தண்ணீர் பச்சையிலிருந்து மண் நிறத்துக்கு மாறி, கயாக் குறுக்கே திரும்பி, பக்கவாட்டில் தூணில் போய்ப் படுத்துக்கொண்டது.

தூணில் மோதப்போகிறது என்றால் உடம்பு என்ன செய்யும்? எதிர்ப்பக்கம் சாயும். சாய்ந்தேன். தண்ணீர் வந்த பக்கத்து விளிம்பு தாழ்ந்தது. மீதியை நீயே எழுதிக்கொள்.

லைஃப் ஜாக்கெட் தூக்கிக்கொண்டது. பையன் நிதானமானவன், கயாக்கை விடாமல் பிடித்துக்கொண்டு என்னையும் பிடித்துக்கொண்டான். மீட்புப் படகு வந்து இழுத்துப் போனது. என் மூக்குக்கண்ணாடியும் ஒரு செருப்பும் போயின. போன் மட்டும் தண்ணீர் புகாத பையில் பத்திரமாக இருந்தது. கரையில் எடுத்துப் பார்த்தால், தண்ணீரையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் டெலிகிராமில் மேல் பக்கத்துக் கால்வாய் நிறைந்துகொண்டு வருவதாக எச்சரிக்கை வந்து கிடக்கிறது! பயிற்சியாளர் இளம் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "அங்கிள், தூணிலோ மரத்திலோ பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டால் அதன் மேலேயே சாயணும், அதைக் கட்டிப்பிடிக்கணும். அப்போ தண்ணி அடியில போயிடும்." நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதை யாராவது நமக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் ஆறு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் உன் வீட்டுப் பக்கம் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் டிவியில் சொல்வார்கள், ஊரில் மைக் கட்டிச் சொல்வார்கள். காலாங் ஆறு மொத்தமே பத்து கிலோமீட்டர், லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து படுகை வரை. சுற்றி எல்லாம் சிமெண்டும் தார்ச்சாலையும் அடுக்குமாடி புளோக்கும். மண் குடிக்க வேண்டிய மழையை வடிகால் வாங்கி நேரே ஆற்றில் கொட்டுகிறது. அங்கே மழை பிடித்து, நீ ஒரு தே தாரிக் டீ குடித்து முடிப்பதற்குள் இங்கே மட்டம் ஏறிவிடும். பீஷான் பூங்காவில் சிமெண்ட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாகவே ஆக்கியிருக்கிறார்களே, 2012-ல். வெயில் நாளில் பிள்ளைகள் இறங்கி விளையாடும் இடம். அங்கேயும் சைரன், எச்சரிக்கை விளக்கு எல்லாம் வைத்திருப்பது இதனால்தான்.

கீழ்முனையில் மரினா அணைக்கட்டு. ஒன்பது மதகுகள். கனமழை நேரத்தில் கடல் இறங்கியிருந்தால் மதகைச் சாய்த்துக் கடலுக்கு விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் மதகைத் திறக்க முடியாது. அப்போது ஏழு ராட்சத பம்புகள். ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளத்தை ஒரு நிமிஷத்தில் காலி செய்கிற கணக்கு. சிங்கப்பூரின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழை அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. இதையெல்லாம் கவிழ்ந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

ஒன்பது மதகு என்றதும் எனக்கு உன் முக்கொம்பு ஞாபகம் வந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து போனதே. இப்போது புதிதாகக் கட்டிவிட்டார்கள் என்று நீயே எழுதினாய். இருக்கட்டும். அடுத்த ஆடியில் நீயும் அந்த வலைக்காரர்களோடு மதகுக்குக் கீழே இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். அவர்களுக்கு அந்தத் தண்ணீர் தினமும் பேசுகிற பாஷை. நீ அந்த ஊருக்குப் போய் நாலு வருஷம். மேலே எத்தனை மதகு எப்போது தூக்குவார்கள் என்று உனக்கு யார் வந்து சொல்வது? கரையில் நின்று மீனை விலைக்கு வாங்கு.

என் மீன் கதையைக் கேள். இந்த மாதம் 10-ஆம் தேதி பிடித்த மழை லேசில் விடவில்லை. சாங்கியில் இரண்டே நாளில் 255.2 மில்லிமீட்டர், ஜனவரி முழுவதற்கும் பெய்யும் சராசரியைவிட அதிகம். ஃபேன் போடாமல் போர்வை போர்த்தித் தூங்கினோம், சிங்கப்பூரில்! வெறித்த பிறகு நேற்று காலை லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்குப் போனேன். குறித்த இடங்களில் மட்டும் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரைதான். மண்புழு, இறால் எல்லாம் கூடாது. நாம் சிரட்டையில் புழு தோண்டிய காலம் போச்சு. இப்போது என் பெட்டி முழுக்க ரப்பர் தவளை.

தண்ணீர் அப்படியே தே தாரிக். பீக்காக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன், கலங்கலில் அது வாயைத் திறக்காது. யாரோ தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்ட தென்னமெரிக்க மீன், இப்போது நீர்த்தேக்கமெல்லாம் அதன் ராஜ்யம். இரண்டு மணி நேரம் வீசி வீசித் தோள் வலித்ததுதான் மிச்சம். பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், நம்மைவிடப் பத்து வயது மூத்தவர், வீசவே இல்லை. கோப்பி குடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வடிகால் வந்து விழும் இடத்தைக் காட்டினார். மண் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேரும் இடத்தில் கோடு கிழித்த மாதிரி ஒரு விளிம்பு. அந்தக் கோட்டை ஒட்டிப் பொடிமீன் துள்ளுகிறது. தள்ளி ஓர் இடத்தில் செம்பழுப்பாக ஒரு குமிழிக் கூட்டம், தோமான் என்கிற பெரிய விரால் இனத்துக் குஞ்சுகள். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அங்கே இரை விழுந்தால் பசிக்காக இல்லை, கோபத்தில் கடிக்கும். பெரியவர் கையை ஆட்டி, வேண்டாம் என்றார். எனக்கும் மனசு வரவில்லை.

புல் சாய்ந்து கிடந்த ஓரத்தில் தவளையை மெதுவாக நடத்தினேன். மூன்றாவது வீச்சில் டப் என்று ஒரு சத்தம், முக்கால் கிலோ ஹருவான். உன் ஊர் விரால்தான், இங்கே பெயர் வேறு. உடனே தூரத்தில் இடி. தேசிய சேவை ராணுவப் பயிற்சியில் 'கேட் ஒன்' என்று மின்னல் எச்சரிக்கை வந்ததும் எப்படி ஓடுவோம், அதே ஓட்டம். கார்பன் தூண்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு மின்னலில் நிற்பவனுக்கு எமன் டாக்ஸி பிடித்துக்கூட வர வேண்டியதில்லை.

டிசம்பரில் உன் தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது, போனில் சொன்னேனே. இப்போது கம்பை வைத்துவிட்டு நடக்கிறாள். புண் ஆற ஹருவான் சூப்தான் வைக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். உன் தங்கச்சி அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்துவிட்டாள். புண் என்ன ஆனதோ, நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நாளையிலிருந்து மறுபடியும் அடைமழை என்கிறார்கள். இந்த வாரம் தூண்டிலுக்கு ஓய்வு. நீ வருகிறபோது உன் ஊர் நெட்டியில் செய்த தக்கை நாலைந்து கொண்டுவா. இங்கே விற்பதெல்லாம் பிளாஸ்டிக், தண்ணீரில் நிற்கிற அழகே இல்லை.

பொங்கலன்று உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னும் அதே சாய்ந்த கூரை புளோக்தான். பால் பொங்கியது கேஸ் அடுப்பில், சின்னப் பானையில். ஆனால் அந்த அண்டா பால்கனியில் இருக்கிறது, உள்ளே மணிபிளாண்ட் வைத்திருக்கிறாள். விளக்குக் கம்பத்தில் நசுங்கிய இடம் அப்படியே. அக்கா பேத்தி அதில் விரலை வைத்து, இது எப்படித் தாத்தா ஆச்சு என்று கேட்டாள். உங்கம்மாவிடம் அன்று நீ என்ன பொய் சொன்னாய் என்பது எனக்கு மறந்துவிட்டது. அதனால் நீ வந்து சொல்வாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கூட்டாளி,
பாலா