வரைபடத்துக்கு முன்பே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பணி பல இடங்களில் நடக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். காரை பெயர்ந்து கம்பி தெரியும் கூரையின் கீழ் யாரும் படுத்துறங்கக் கூடாது. ஆனால் வரைபடம் முடிவான பிறகு மக்களைக் கூட்டிப் பேசினால், அவர்களால் எதை மாற்ற முடியும்?

இந்தூரில் 1980-களில் உருவான அரண்யா குடியிருப்பைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் குழு, குடிசைப் பகுதி மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்பதை முதலில் போய்ப் பார்த்தது. ஏழைக் குடும்பங்களுக்கு மனை, அடித்தளம், கழிப்பறை, தண்ணீர், சாக்கடை எல்லாம் ஏற்பாடாயின. அப்புறம் கையில் காசு வரவர வீட்டை அவர்களே வளர்த்துக்கொண்டார்கள். வாசலில் திண்ணையும் வந்தது. 1995-இல் அந்தக் குடியிருப்புக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

மாடிக் கட்டடத்தில் இதை அப்படியே செய்ய முடியாது, சரி. ஆனால் மீன்பாடி வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது, இட்லிக் கடை போடும் அம்மா அடுப்பை எங்கே வைப்பது, ஒரு சாவு விழுந்தால் பந்தல் எங்கே போடுவது என்பதெல்லாம் அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

டெண்டர் விடும் முன்பே அந்தந்தத் தெருவில் கூட்டம் போட வேண்டும். காகித வரைபடம் பலருக்குப் புரியாது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வீட்டை முழு அளவில் காட்டட்டும். சமையல் மேடை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பெண்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

- ஒரு வாசகி, வியாசர்பாடி, சென்னை