வயிற்றைக் கவனி, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வேலை அதிகம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய், சரி. அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று அக்காவிடம் சொன்னாயாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை? டாக்டரைப் பார்த்தாயா?

உன் அலமாரியைத் துடைக்கும்போது நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘இன்செஸ்டிசைட்’ சிடி கிடைத்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது ராத்திரியெல்லாம் ஓடுமே, அதுதான். இந்தத் தடவை 15 பாட்டையும் உட்கார்ந்து கேட்டேன். அவர்களுடைய ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் பெரிதாக ஓடிய பிறகு, அங்கங்கே கிடந்த பழைய பாட்டுகளையும் வானொலிக்கு வாசித்ததையும் சேர்த்து 1992 டிசம்பரில் வெளியிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். 1988 ஜனவரியில், சியாட்டிலில் ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பதிவாளரிடம் ஒரே நாளில் பதிவு செய்த பாட்டுகளும் இதில் இருக்கின்றன. அன்றைக்கு ஸ்டுடியோவுக்குக் கொடுத்தது 152 டாலர் சொச்சம். டிரம்ஸுக்குச் சொந்தமாக ஆள்கூட இல்லாமல், மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவர் வந்து வாசித்திருக்கிறார். இதைக் கேட்டுத்தானே நீயும் பசங்களும் மாடியறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து ரெக்கார்ட் பண்ணினீர்கள்? அப்பா இன்றும் வாக்கிங் போகும்போது அதைத்தான் கேட்கிறார். உன்னிடம் சொல்லமாட்டார். கிட்டாரை அங்கே தொடுகிறாயா?

‘ஸ்லிவர்’ பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். 1990-ல், டாட் என்ற வேறொரு குழு சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டுடியோவுக்குள் புகுந்து பதிந்ததாம். தாயும் தகப்பனும் பையனைத் தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போ என்று அழுகிறான். கடைசியில் அம்மா கையில் கண் விழிக்கிறான். ஆச்சி வீட்டில் நீ பண்ணிய ரகளை ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பச்சை சைக்கிள் இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. காபியைக் குறை. டாக்டரைப் பார்.

சிடிக்குள் இருக்கும் தாளையும் படித்தேன், நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் எழுதியதை. ரெயின்கோட்ஸ் குழுவின் பழைய ரெக்கார்டைத் தேடி, அந்தக் குழுவின் அனா டா சில்வா இருந்த லண்டன் பழம்பொருள் கடைவரை போயிருக்கிறார். பிற்பாடு அது தபாலில் வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறார். பெண்களையும் வேறு நிறத்தவரையும் வெறுப்பவர்கள் எங்கள் கச்சேரிக்கு வராதீர்கள் என்றும் எழுதியிருக்கிறார். நல்ல மனசு. அட்டைப் படத்தைக்கூட அவரே வரைந்திருக்கிறார். அப்போது வீட்டில் கைக்குழந்தை. இத்தனை இருந்தும், சிடி வந்தபோது, அவர் தன்னையே மாய்த்துக்கொண்ட 1994 ஏப்ரலுக்கு 16 மாதம்தான் பாக்கி.

அவருக்கும் வருஷக்கணக்கில் வயிற்று வலிதான். டாக்டர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லையாம். 27 வயது. உனக்குத் தை பிறந்தால்... அது கிடக்கட்டும். சித்தப்பாவும் அந்த வருஷம் வயிறு சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சியாட்டிலிலேயே வேலை கிடைத்தபோது எப்படிக் குதித்தாய்! தெருவில் எல்லோருக்கும் நான்தான் ஸ்வீட் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாவிட்டால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? வேலை பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு வா. யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம், அப்பாவும் கேட்கமாட்டார். வயிறு மட்டுமில்லை, தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்றாலும் டாக்டரிடம் சொல். எங்களிடமும் சொல். நடு ராத்திரியானாலும் கூப்பிடு.

அடுத்த மாதம் அக்கா அங்கே வருகிறாள். வேண்டாம் என்று சொல்லாதே, டிக்கெட் போட்டாகிவிட்டது. அதற்குள் டாக்டரிடம் நேரம் வாங்கி, எந்தத் தேதி என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா